ஜன்னல் வராத ஜெபம்

ஞானையன் ஜெபத்தைத் தொடங்கும்போது அடைக்கு வைத்த கோழி, அவர் ஆமென் சொல்லும்போது குஞ்சுகளோடு முற்றத்தில் மேயும் என்று குழித்துறைக்கு மேற்கே உள்ள அந்தச் சபையில் சொல்வார்கள். வீண் பழி. குஞ்சு பொரித்திருக்கும், அவ்வளவுதான். மேயத் தொடங்கியிருக்காது.

ஜெபத்துக்கு இப்படிப் பேர்போன மனிதரிடம் யார் எதைக் கேட்டுப் போனாலும் ஒரே பதில்தான் வரும்: "செபிச்சிட்டுச் சொல்லுதேன்."

உழவுக்கு ஒரு நாள் காளை வேண்டுமா? செபிச்சிட்டுச் சொல்லுதேன். கூரை வேய ஏணி வேண்டுமா? அதற்கும் செபிக்க வேண்டும். அந்தப் பதிலுக்கு 'இல்லை' என்று அர்த்தம் என்பது தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இல்லை என்று நேராகச் சொல்பவரிடம் கோபப்படலாம், வாய்ச்சண்டை போடலாம். ஜெபித்துச் சொல்கிறேன் என்பவரை என்ன செய்வது? ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுப் படியேற வேண்டியதுதான்.

அவர் மனைவி எலிசாவால் மட்டும் அடுத்த வீட்டுக்குப் போக முடியவில்லை. அவள் கேட்டது தன் அடுக்களைக்கு ஒரு ஜன்னல்.

தென்னமட்டையும் பாளைக் கொதும்பும் எரித்து எரித்து அந்த அடுக்களையில் சேர்ந்திருந்த புகையை வெட்டி எடுத்து விற்றிருக்கலாம். உத்தரத்தில் குடியிருந்த வௌவாலே இருமிக்கொண்டு வெளியேறிவிட்டது. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியைச் சபைக்கென்று தனிக் கலயத்தில் போட்டு வைப்பது அந்தப் பக்கத்துப் பெண்களின் வழக்கம். எலிசா அந்தப் பிடியோடு ஒரு சின்ன ஜெபமும் செய்வாள். "இண்ணைக்குள்ள நாளை எப்பிடிச் செலவழிக்கணும்னு நீரே சொல்லித் தாரும்," அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. புகையே மூடிவிடும்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் பெருவெள்ளம் வந்து போன அடுத்த வருஷம், வேதபுஸ்தகத்தின் எழுத்துகள் அவள் கண்ணுக்கு எறும்பு போல ஊர ஆரம்பித்தன. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் இமையைப் புரட்டிப் பார்த்தார். "மருந்து நான் தருகிறேன். புகையை நீங்கள்தான் வெளியே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பார்வை போய்விடும்," என்றார்.

எலிசா வீட்டுக்கு வந்ததும் ஞானையனிடம் சொன்னாள். "கேட்டியளா, கிழக்குச் சுவர்ல ஒரு ஜன்னல் வெச்சுத் தாருங்க."

"செபிச்சிட்டுச் சொல்லுதேன்."

"பத்மநாபுரத்துக் கொட்டாரத்துல இருக்கியது மாதிரியா கேட்டேன்? ஒரு முறம் நுழையிய அளவு போரும்."

"முறத்துக்கும் செபிக்கத்தான் பிள்ளே வேணும்."

அடுக்களையின் ஒரு பக்கம் தொழுவம், மற்ற இரு பக்கமும் வீட்டு அறைகள். வெளியைப் பார்த்திருந்தது கிழக்குச் சுவர் ஒன்றுதான். அங்கேதான் சிக்கல். கிழக்கே தம்பி நேசையனின் முற்றம்.

வெள்ளத்துக்கெல்லாம் முன்பு, ஒரு ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஞானையன் தன் பலாமரத்தின் முதல் சக்கையைக் காணிக்கையாகக் கொடுத்தார். நாலு பேர் தூக்கி வந்தார்கள். ஐந்தாவது ஆள் வழியில் நின்ற வாழைகளை விலக்கிக்கொண்டே வந்தான். ஏலத்தில் அதை எடுத்தவன் நேசையன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போது அவன் சொன்னான்: "அண்ணனுக்க சக்கைக்குள்ள சுளையைத் தேடி ரெண்டு பேரு போயிருக்காவ. இன்னும் திரும்பி வரல்ல."

சபையே சிரித்தது. பிரசங்கம் செய்த ஐயர்கூட இருமுவது போலச் சிரித்தார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

ஜன்னல் கேட்ட அன்று சாயங்காலம், வெயில் தாழுமுன் குடும்ப ஜெபம். ஞானையன் முழங்காலிட்டார். சீனாவுக்குப் போனார். மடகாஸ்கருக்குப் போனார். திருவனந்தபுரத்தில் இறங்கி மகாராணியை ஆசீர்வதித்தார். போன வருஷத்து வெள்ளத்தை மறுபடி கடலுக்குள் தள்ளினார். பசுவுக்குப் பால் கேட்டார். பக்கத்தில் முழங்காலிட்டிருந்த எலிசா அன்றைக்குத்தான் அதை முழுக்கக் காதில் வாங்கினாள். கலியாணமான நாள் முதல் இவர் ஜெபித்துச் சொல்வதாகச் சொன்ன காளையாவது ஏணியாவது ஒரு தடவை இந்த ஜெபத்தில் வந்ததுண்டா? ஆண்டவருக்கு அந்த ஏணி இருப்பதே தெரியாது.

"...ஆமெ..." என்று இழுத்தார் ஞானையன்.

"நில்லுங்க. ஜன்னல் வரல்ல."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "என்னது?"

"செபிச்சிட்டுச் சொல்லுதேன்னியளே. சீனா வந்துது, பசு வந்துது. ஜன்னலைக் காணல்ல."

"அதுக்குத் தனியா செபிக்கணும் பிள்ளே."

"செபிங்க. எனக்க முட்டு இன்னும் நோவல்ல."

வேறு வழியில்லை. ஞானையன் தொண்டையைச் செருமினார். "நோவாவின் பேழைக்கும் ஜன்னல் வைத்த ஆண்டவரே, தானியேல் ஜன்னலைத் திறந்து ஜெபித்தபோது கேட்ட ஆண்டவரே..." என்று கம்பீரமாகத் தொடங்கினார். இரண்டு வரிக்குள் வழக்கு எதிர்த்தரப்புக்குச் சாதகமாகிவிட்டது அவருக்கே தெரிந்தது.

"ஆமென்," என்றாள் எலிசா.

அதற்கப்புறம் சத்தமே இல்லை. ஞானையன் ஜெபத்தில் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. என்னவோ ஆகிவிட்டது என்று பசு தொழுவத்திலிருந்து எட்டிப் பார்த்தது. வேதபாஷையெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் வாய்ப்பேச்சு வந்தது.

"ஆண்டவரே, ஜன்னல் வெச்சா அவனுக்க மூஞ்சி தெரியுமே."

எலிசா கண்ணைத் திறந்து அவரைத் திரும்பிப் பார்த்தாள். மரச்செலவுக்காகத் தள்ளிப்போடுகிறார் என்றுதான் நினைத்திருந்தாள்.

"அவன் அண்ணைக்குச் சொன்னது கேட்டு எனக்கும் சிரிப்பு வந்துது ஆண்டவரே. மூத்தவன் சிரிக்கப்பிடாதுன்னு அடக்குனேன். பொறவு அவன மாதிரி சிரிக்க வைக்க எனக்கு யாரு இருக்கா? இவளுக்க கண்ணு போவுது. நான் அவனுக்க மூஞ்சியைப் பாக்காம இருக்கியதுக்கு இவ ஒண்ணையும் பாக்காம இருக்கணுமா?"

ஆமென் சொல்லாமலே எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழக்கு வேலியைப் பார்த்து நடந்தார். எலிசா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான் நேசையன்.

"எலே," என்றார் ஞானையன்.

நேசையன் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். "என்னையா?"

"எனக்க அடுக்களையில இஞ்சோட்டுப் பாத்து ஒரு ஜன்னல் வெக்கணும். உனக்க அண்ணிக்குக் கண்ணு மங்குது. புகை உனக்க முற்றத்துக்குத்தான் வரும். சம்மதமா?"

நேசையனும் அதே வயிற்றில் பிறந்தவன்தானே. தேங்காயைக் கீழே வைத்தான். வானத்தைப் பார்த்தான்.

"செபிச்சிட்டுச் சொல்லுதேன்," என்றான்.

எலிசாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஞானையனின் முகம் ஏணி கிடைக்காமல் திரும்பிப் போகிறவன் முகம் போல ஆனது. ஆனால் அவர் திரும்பிப் போகவில்லை. உரித்த தேங்காய்த் தொண்டுக் குவியலின் மேலேயே முழங்காலிட்டுவிட்டார்.

"அப்பம் இப்பமே செபி. நானும் கூட இருக்கேன். சீனாவுக்கொண்ணும் போவாண்டாம். நேரா ஜன்னலுக்கு வா."

வாசலில் வந்து நின்ற நேசையனின் மனைவி நேசபாய் தலையில் கைவைத்தாள். "எலிசாக்கா, இவிய ரெண்டு பேரும் செபத்துக்கு இறங்குனா இண்ணைக்குக் கஞ்சி நாளைக்குத்தான்."

"ஏட்டி, சும்மா இரி," என்றான் நேசையன். அண்ணன் பக்கத்தில் முழங்காலிட்டான். பிறகு மெல்லச் சொன்னான்: "ஆண்டவரே, ஜன்னல் வெக்கட்டும். அண்ணிக்க கண்ணைக் காத்துக்கிடும். அது வழியா புகை மட்டும் வந்தாப் போராது, சக்கைச் சுளையும் வரணும். உள்ள இருந்தாக்கா."

ஞானையன் சிரித்தார். வருஷக்கணக்கில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. தேங்காய்ப்பட்டணத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் இடி முழங்குகிறது என்று நினைத்து வலையை அவசரமாகச் சுருட்டினார்களாம்.

அந்த வாரமே அயனிப் பலகையில் ஜன்னல் வந்தது, முறத்தைவிடப் பெரிதாகவே. அதற்கப்புறமும் ஞானையன் 'செபிச்சிட்டுச் சொல்லுதேன்' என்பதை விடவில்லை. ஆனால் கேட்டவனை அங்கேயே முழங்காலிட வைத்து, கேட்ட பொருளைப் பேர் சொல்லி ஜெபித்து, எழுந்ததும் பதில் சொல்லிவிடுவார். காளை பாதி நாள் ஊருக்குத்தான் உழுதது. சில சமயம் 'இல்லை' என்றும் சொன்னார். சொல்லப்பட்டவனுக்கும் அது கசக்கவில்லை.

எலிசாவுக்குத்தான் ஒரு புதிய சங்கடம். பிடியரிசியைக் கையில் எடுக்கும்போது புகை ஜன்னல் வழியாக நேசபாயைத் தேடிப் போய்விடுகிறது. கண்ணை அவளாகத்தான் மூட வேண்டியிருந்தது. சில நாள் மூட மனமில்லாமல், முற்றத்தில் இரண்டு கிழவர்கள் ஒரு சக்கையை வெட்டிக்கொண்டு வாயாடுவதைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தாள். அந்த நாளிலெல்லாம் பிடி கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.