மலை மறைத்த பொழுது

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. சமணக் குடும்பம். விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் ஊரில் எங்களவர் வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். ஆனால் எனக்கு உத்தியோகம் திருவண்ணாமலையில். தனி மாவட்டம் ஆன புதிதில் திறந்த ஓர் அலுவலகத்தில் தட்டச்சர். வேலை முடிந்து பஸ் பிடித்து வீடு சேரும்போது நன்றாக இருட்டிவிடும். அதனால் மாமியார் வெள்ளையம்மாள் தினமும் காலையில் எனக்கு இரண்டு டப்பா கட்டித் தருவார். ஒன்று மதியத்துக்கு. மற்றது, சாயந்திரம் வெளிச்சம் இருக்கும்போதே அலுவலகத்தில் உட்கார்ந்து சாப்பிட.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் பொங்கல் கழிந்து, அந்த இரண்டாவது டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தது.

நான் அப்போது தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருஷம். யாரும் என்னைப் படிக்கச் சொல்லவில்லை. பதவி உயர்வுக்கும் அது தேவைப்படவில்லை. கல்யாணத்தோடு நின்றுபோனதைத் தொடர வேண்டும் என்று நானாகத்தான் கேட்டேன். என் கணவர் சக்கரவர்த்தி பத்தாவது வரை படித்தவர். கேட்ட வாரத்திலேயே டவுனுக்குப் போய் விவரம் விசாரித்து வந்தார். "படி, யார் வேணாம்னா?" என்றார். அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை. பொழுது போய் வீட்டுக்கு வருகிற உத்தியோகமே அவருக்குப் பிடிக்காது. அதன்மேல் படிப்பு வேறா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் வருஷம் நன்றாகவே போயிற்று. விடியும் முன் எழுந்து படித்தேன். பஸ்ஸில் நின்றபடி படித்தேன். ஞாயிறுகளில் வேலூருக்கு வகுப்புக்குப் போய் வந்தேன். பிறகு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கண் வரியின் மேல் போகும், வரி உள்ளே வராது. தலை வாரும்போது சீப்பு பாதி முடியில் நிற்க, நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மகள் சுருதி ஒன்றாம் வகுப்பு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். அலுவலகத்தில் ஒரு கடிதத்தின் ஒரே பத்தியை இரண்டு முறை அடித்து கண்காணிப்பாளர் மேஜைக்கு அனுப்பிவிட்டேன்.

"ஏம்மா, ஒரு தபா சொன்னா மேலிடத்துக்குப் புரியாதுன்னு நெனச்சிட்டியா?" என்றார் கண்காணிப்பாளர் வேணு சார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத் திரும்ப அடிக்கும்போது விரல்கள் விசையின்மேல் ஈரமாக வழுக்கின.

சாயந்திரம் அந்த டப்பாவைத் திறக்கக் கை வராது. பசி இல்லை என்றும் சொல்ல முடியாது. பசி வேறு யாருக்கோ இருப்பது போலிருக்கும். மூடியைப் பார்த்தபடி இருப்பேன். பக்கத்து மேஜை மணிமொழி, "அக்கா, முறைச்சா அதுவே வாய்க்குள்ள வந்துடுமா?" என்பாள். அவளுக்காக அதை எடுத்துப் பையில் வைத்துவிடுவேன்.

இதை வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. எங்கள் வீட்டில் அசதி என்றால் வெயிலில் வேர்க்கடலைக் கொல்லையில் குனிந்து மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்தவர்களுக்கு வருவது. அத்தை சாயந்திரம் கொல்லையிலிருந்து திரும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார். அவர் கைவிரல்களுக்கு இடையில் செம்மண் இருக்கும். நான் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து விட்டு வருகிறவள். அவர்கள் எதிரில் போய், எனக்கு முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு நாள் அத்தை டப்பாவைத் தூக்கிப் பார்த்து, "சோறு அப்படியே கீது. ஏன்?" என்று கேட்டார்.

"மலை மறைச்சிடுச்சி அத்தை" என்றேன். வாயில் வந்தது அது.

எங்கள் அலுவலகம் மலைக்குக் கிழக்கே இருந்தது. அங்கே சூரியன் நிஜமாக விழுவதற்கு வெகுநேரம் முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். தெருவில் நிழல் படர்ந்துவிடும். ஆனால் வானம் வெளுப்பாக இருக்கும், பறவைகள் திரும்பியிருக்காது. அது பொழுது போனதாக ஆகாது. அது எனக்கும் தெரியும்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெழல் விழுந்தாலே வாயக் கட்டிடறியா?"

நான் தலையாட்டினேன். அவர் பார்வை மாறியது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அப்படி அவர் என்னைப் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே இந்தப் பேச்சு எங்கள் சமணக் கோயிலான ஜினாலயத்துக்குப் போய்விட்டது. நான் உள்ளே நுழைந்தால் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். "டவுனுக்குப் போய் உத்தியோகம் பாக்கறவ, மலை நெழல் விழுந்தா தண்ணிகூட குடிக்கறதில்லையாம். நாம ஊருக்குள்ள இருந்துகினு இன்னா பண்றோம்?" என்று அடுத்த வீட்டு பத்மாவதி அக்கா தன் மருமகளை இடித்துக் காட்டினார். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மகாவீர் ஜெயந்தியன்று அபிஷேக தீர்த்தத்தை முதலில் எனக்குத்தான் தர வேண்டும் என்று பெண்கள் எல்லோரும் சேர்ந்து பேசி முடித்தார்கள். அத்தை எனக்கென்று வெள்ளைப் புடவை ஒன்று எடுத்து வைத்தார். படிப்பைப் பற்றிக்கூட இப்போது முகம் சுளிப்பதில்லை. "படிச்சிகினே இவ்ளோ சுத்தமா இருக்கா பாரு" என்பார்.

எனக்கு இருந்த ஒரே கணக்கு, ஜெயந்திக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது. ஒவ்வொரு நாளும் மறுநாளைக்குத் தள்ளினேன். உண்மையைச் சொன்னால், படிக்க முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றில்லாமல் இன்னொன்று வெளியே வராது.

பங்குனிப் பௌர்ணமி வந்தது. பௌர்ணமியன்று ஊரே கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலைக்குள் வரும். உள்ளே வருகிற பஸ்களில் கூரைமேல்கூட ஆள். வெளியே போகிற பஸ்கள் காலி. என்றைக்கும் நின்றுகொண்டே போகிற எனக்கு அன்று ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு பஸ் ஊரைத் தாண்டவே நேரமாயிற்று. புத்தகத்தைப் பிரித்தது நினைவிருக்கிறது.

"ஏம்மா, செஞ்சி வந்துடுச்சி. எறங்கலயா?"

நடத்துநர் என் எதிரில் நின்றிருந்தார். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி அவ்வளவு தூரம் வந்துவிட்டிருக்கிறேன். "கீழ்பென்னாத்தூர்ல எவ்ளோ சவுண்டு குடுத்தேன் தெரியுமா?" என்றார் அவர்.

பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த பஸ் பார்த்துத் திரும்பிப் போக வேண்டும் என்று தெரிந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. பூ விற்கிறவள் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் என் கணவரின் டி.வி.எஸ். ஃபிப்டி வந்து நின்றது. அவர். தலையெல்லாம் புழுதி, கண் சிவந்திருந்தது. என்னை அழைத்துப் போக வழக்கம்போல நிறுத்தத்தில் நின்றிருக்கிறார். பஸ் வந்திருக்கிறது, நான் இறங்கவில்லை. ஜன்னல் கம்பியில் என் தலை சாய்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். அவர் ஓடி வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. செஞ்சி வரை துரத்திக்கொண்டே வந்திருக்கிறார்.

"செத்துட்டியோன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

"தூங்கிட்டேங்க."

"வாயப் பொளந்துகினு."

"தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்தாங்களா?"

"நாந்தான் பாத்தேன். போதாதா?"

சிரித்துக்கொண்டே என் பையை வாங்கி வண்டியில் மாட்டப் போனவர், உள்ளே டப்பாவில் சோறு குலுங்கியதைக் கேட்டு நின்றார். "இன்னிக்கும் மலை மறைச்சிடுச்சா?"

"மலை மறைக்கலங்க" என்றேன்.

அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. டப்பாவைத் திறக்க முடியாததைச் சொன்னேன். பாடத்தில் ஒரு பக்கம்கூட உள்ளே போகாததை, விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததை, அவர் வாசல் பக்கம் வந்தால் பக்கத்தைப் புரட்டியதைச் சொன்னேன். "நீங்க எல்லாம் மண்ணுல கஷ்டப்படறீங்க. நான் உக்காந்த எடத்துல உக்காந்துகினு முடியலைன்றேன். எனக்கே அசிங்கமா இருக்கு" என்றேன். பூக்காரி திரும்பிப் பார்த்தாள். அவர் என் எதிரில் நின்று அவளுக்கு என்னை மறைத்துக்கொண்டார்.

"அந்த மலை சமாச்சாரம் எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"திருவண்ணாமல மாட்டாஸ்பத்திரிக்குப் போறப்போ அந்த நெழல்ல உக்காந்து எத்தன தபா டீ குடிச்சிருக்கேன். பொழுது எப்ப போவும்னு எனக்குத் தெரியாதா? அம்மா உன்ன நல்லவிதமா பேசி நான் கேட்டதே இல்ல. கேக்க நல்லா இருந்திச்சி. விட்டுட்டேன்." தலையைக் குனிந்துகொண்டார். "நீ பசியோட இருக்கறது தெரியும். இந்த அளவுக்கு முடியாம இருக்கறது தெரியாது."

வண்டியில் திரும்பினோம். நிலா எங்களைத் தாண்டிப் போனவர்களின் முதுகிலெல்லாம் அடித்தது. திருவண்ணாமலை நோக்கி வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று வீட்டு வாசலில் கேட்டார்.

"வேணாங்க. நானே சொல்றேன்."

சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவர் ஒரு முறைகூட என்னை நெருக்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஜெயந்தி வந்தே விட்டது.

வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அபிஷேகம் முடிந்தது. பூசை செய்யும் உபாத்தியார் தீர்த்தக் கிண்ணத்தோடு பெண்கள் பக்கம் திரும்பியதும் அத்தை என் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினார். "போ, போ" என்று பின்னாலிருந்தும் கைகள். கிண்ணம் எனக்கு எதிரில் இருந்தது. நெற்றியில் வைத்துக்கொள்ள விரல் நனைத்தால் போதும்.

"எனக்கு முதல்ல வேணாங்க" என்றேன். உபாத்தியாருக்குக் கேட்கவில்லை. "இன்னா?" என்றார். அதனால் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. "நான் நோன்பு எதுவும் இருக்கல. முடியாம சாப்பிடாம விட்டேன். கேட்டதுக்கு மலைமேல பழி போட்டுட்டேன்."

பின்னாலிருந்து தள்ளிய கைகள் விலகின. ஆண்கள் பக்கத்தில் என் கணவர் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பத்மாவதி அக்கா, "முடியாமன்னா? மாசமா கீறியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. அசதி."

"அசதியா!" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் மருமகள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உபாத்தியார் என்ன செய்வதென்று தெரியாமல் கிண்ணத்தை அடுத்தவரிடம் நீட்டினார். நான் பின்வரிசைக்குப் போய் நின்றேன். காது சுட்டது. சுருதி என் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அத்தை எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார். நான் போனபோது அடுப்படியில் பாத்திரங்களை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"ஊரெல்லாம் சொல்லி வெச்சேன்" என்றார், திரும்பாமல்.

"மன்னிச்சிடுங்க அத்தை."

"நோன்புன்னு நெனச்சி, எப்படியும் திரும்பி வரப்போவுதுன்னு, சோத்தக் கம்மி பண்ணி வெச்சிகினு இருந்தேன். கைப்பிடிதான் வெப்பேன். ஒரு நாளு நீ தெறந்து சாப்பிட்டிருந்தாகூட உனக்குப் பத்தியிருக்காது." கையிலிருந்த தட்டை வைத்தார். "அதுகூடவா உனக்குத் தெரியல?"

தெரியவில்லை. நான் அதைத் திறந்ததே இல்லை. ஒரு கைப்பிடிச் சோறுதான் எனக்கு அவ்வளவு கனமாக இருந்திருக்கிறது.

பிறகு ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் காலை இரண்டாவது டப்பாவை எடுத்தபோது அழுத்தி அழுத்தி நிரப்பியிருந்தது. மூடி சரியாக உட்காரவில்லை.

அந்த மே மாதம் இரண்டு தாள்கள் மட்டும் எழுதினேன். மீதியை அடுத்த வருஷத்துக்கு விட்டேன். மணிமொழி, "ஏன்க்கா, பாதியா?" என்றபோது, "பாதிதான்" என்றேன். சொல்லி முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சில நாள் காலையில் எழுந்து படிக்காமல் படுத்தே கிடந்தேன். அப்படிக் கிடக்கும்போது வெளியே அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சத்தம் கேட்கும். போர்வைக்குள் வெட்கமாக இருக்கும். ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன்.

ஜெயந்திக்கு மறுநாளிலிருந்து இன்னொன்றும் நடந்தது. சாயந்திரம் நாலரை வாக்கில் வேணு சார் மேஜையில் ஃபோன் அடிக்கும். அவர் எடுத்துக் கேட்டுவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "சுனந்தா! உன் ஊட்டுக்காரர். சாப்டியான்னு கேக்கறாரு. இன்னான்னு சொல்லட்டும்?" என்பார். வண்டியை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து நின்றிருப்பார் அவர். வேலை நடுவில் வந்த அழுக்கு வேட்டியோடு. எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாது.

"சாப்பிடறேன்னு சொல்லுங்க சார்" என்று அவசரமாக மூடியைத் திறப்பேன். ஃபோன் வருவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டால், கேட்டதும் ஆச்சு என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நான்கு மணிக்கே சாப்பிடப் பழகினேன். அப்படியும் ஃபோன் வந்தது.

என் கணவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. இப்போது அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது. என் மேஜையிலேயே ஒரு ஃபோன் இருக்கிறது. நாலு மணிக்கெல்லாம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிடுகிறேன். ஜன்னல் வழியே பார்த்தால் சூரியன் மலைக்கு மேலே இன்னும் நன்றாக நிற்கிறது.