முதல் கட்டத்துக்கான தேதி

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, காதில் விழுந்தது. கண் பரிசோதனைக்குச் சொட்டுமருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொல்லியிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் மருத்துவமனையின் பதிவுப்பிரிவு. இரண்டு பெண் குரல்கள்.

முதல் வரி இப்படி வந்தது: "கவலை தோய்ந்த முகத்துடன் அந்தப் பெண்…"

முகத்தை யார் பார்த்தது? அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

2

"ஆன்செட் எப்பம்மா?" இது தட்டச்சு செய்பவள்.

"அப்படின்னா?"

"எப்ப ஆரம்பிச்சுதுன்னு."

"அட்டாக்கா? செவ்வாக்கிழமை காலையில. கிரேன் ஓட்டிட்டு இறங்குன எங்க வீட்டுக்காரர் அப்படியே சாஞ்சுட்டார்."

"அது இந்தப் படிவத்துல ரெண்டாவது கட்டம். டாக்டர் சீட்டுலயே இருக்கு. முதல் கட்டம், தொந்தரவு எப்ப தொடங்குச்சுன்னு; அதுக்கு வீட்டுக்காரங்க சொல்றதைத்தான் போடணும்."

இரண்டு கட்டத்துக்கும் ஒரே தேதியைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களே அதிகம். ஆள் விழுந்த நாள்தான் வீட்டுக்கு நோயின் நாள். தட்டச்சு செய்பவளும் அப்படியே அடித்து அனுப்பிவிடுவாள்.

(இங்கே ஓர் அடிக்குறிப்பு. ஆங்கிலத்தில் மழைக்காலத்துக்கும் காய்ச்சலுக்கும் ஆன்செட். எதிரிப் படைக்கும் இதயத்துக்கும் அட்டாக். நாம் அட்டாக்கை மட்டும் வீட்டுக்குள் விட்டோம்: "அவருக்கு அட்டாக் வந்துருச்சாம்." ஆன்செட் வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அது படிவத்தோடு நின்றுவிட்டது.)

3

"ஆரம்பம்னு பார்த்தா ரெண்டு மாசமாச்சுக்கா. நெஞ்சைப் பிடிக்குதுன்னார். தைலம் தேய்ச்சுவிட்டேன். கொட்டாவி விட்டாக்கூட ஊருக்கே சொல்ற மனுஷன், இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதேன்னார்."

விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"ஏம்மா, போன மாசம் கம்பெனியில உடம்புக்கு ஒரு தொந்தரவும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்காரே. இதோ, கம்பெனி அனுப்பின நகல் இருக்கு."

"எல்லாரும்தான் போடுறாங்க."

"இந்தப் படிவம் கம்பெனிக்கும் போகும். நீங்க சொல்றதை அடிச்சா, மறைச்சுட்டார்னு வேலையை விட்டே எடுத்துருவாங்க."

"ஐயோ! அப்ப செவ்வாக்கிழமைன்னே போடுங்கக்கா."

"இதைப் பார்த்துத்தாம்மா நாளைக்கு டாக்டர் மருந்தா ஆபரேஷனான்னு முடிவு பண்ணுவார்."

"அவர்கிட்ட நான் வாயால சொல்லிட்டா?"

"அவரும் இதுலதான் எழுதுவார். டாக்டருக்கும் கம்பெனிக்கும் ஒரே காகிதம்."

4

இந்தத் தட்டச்சுக்காரியை என்னால் நம்ப முடியவில்லை. ஒரு வரைவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை என்று அடித்தாள், தித்திப்பு திகட்டியது. அடுத்ததில் விதிமுறை பேசினாள், மரக்கட்டை. உண்மையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்தச் சத்தம் கேட்டது.

"உக்காருங்க. இது நான் முடிவு பண்றதில்ல."

"உங்க வீட்டுக்காரரா இருந்தா?"

"அதை மட்டும் கேக்காதீங்கம்மா."

முடிவு ஒன்று: உண்மைத் தேதி. அவர் பிழைக்கிறார். வேறொருவன் ஓட்டும் கிரேனைச் சாலையில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்.

முடிவு இரண்டு: செவ்வாய்க்கிழமை. வேலை இருக்கிறது. மூன்று மாதம் கழித்து, ஏணியின் பாதியில் அவர்

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

5

கடைசியில் அந்தப் பெண் ஒரு தேதி சொன்னாள். தட்டச்சு செய்பவள் திருப்பிக் கேட்கவில்லை, அடித்தாள். எனக்கும் கேட்டது.

எழுதமாட்டேன். எழுதினால் இந்தப் பக்கமும் கம்பெனி படிக்கக்கூடிய இன்னொரு காகிதம். உள்ளே படுத்திருப்பது உங்கள் வீட்டு ஆள் என்று வைத்துக்கொண்டு நீங்களே போடுங்கள்.

[ஆன்செட்:            ]