சர்க்கரைக் குப்பி

பாங்காக்கின் கால்வாயோரச் சந்து ஒன்றில் தொங்பாயும் விலாயும் கூட்டாக வாத்துக்கறி நூடுல்ஸ் கடை நடத்திவந்தனர். மூத்தவள் தொங்பாய் அடுப்படியில் நின்று சூப்பின் பதம் பார்ப்பாள். இளையவள் விலாய் மேசைகளைக் கவனிப்பாள். உடன்பிறந்தவர்கள் அல்லர்; ஆயினும் அக்கா, தங்கை என்றே அழைத்துக்கொண்டனர்.

அந்த மழைக்காலத்தில் தொங்பாய்க்குக் கடுங்காய்ச்சல் வந்து போயிற்று. அவள் மீண்டும் கரண்டியைப் பிடித்த நாள் முதல் சூப்பில் உப்புக் கரித்தது.

மேசைதோறும் உப்புக்கு மீன்சாறும், கூடவே வினிகரும் மிளகாய்த்தூளும் சர்க்கரையும் இருக்கும். அவரவர் நாவுக்கேற்ப அவரவரே சேர்த்துக்கொள்வர். இப்போது மீன்சாற்றைத் தொடுவாரில்லை; சர்க்கரைக் குப்பி மட்டும் நண்பகலுக்குள் காலியாயிற்று. விலாய் அதை அக்காவின் கண்ணில் படாமல் நிரப்பி வைத்தாள்.

மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டும் கம்ஹேங் ஒருநாள் அவள் காதோரம் குனிந்தான்.

"என்ன தங்கச்சி, வாத்து கடல்ல நீந்திட்டு நேரா சட்டியில குதிச்சிடுச்சா?"

"வாய மூடுங்கண்ணே, அக்கா காதுல விழும்."

"விழட்டுமே. நீயே சொல்லிடேன்."

"நீங்க சொல்லுங்களேன், பெரிய வீரரு!"

அதற்குள் அடுப்படியிலிருந்து தொங்பாய் குரல் கொடுத்தாள். "கம்ஹேங், எப்படிடா இருக்கு?"

"பிரமாதம்க்கா! இன்னொரு கிண்ணம் அடிக்கலாம், வயித்துலதான் இடமில்ல."

சிரித்துக் கும்பிட்டுப் போனவன் மறுநாள் முதல் எதிர்ச்சந்தில் சோறு தின்றான். ஏனையோரும் அவ்வாறே புன்னகைத்தனர், பாராட்டினர், பிறகு வரவில்லை. பிறர் முகம் வாட ஒரு சொல்லும் சொல்லலாகாது என்பதை அந்நகரத்தார் தொட்டிலிலேயே கற்றுவிடுகின்றனர். கால்வாய்ப் பாலத்துக் காகத்துக்கு அந்த நாகரிகம் தெரியாது. ஆபத்தைக் கண்டால் தொண்டை கிழியக் கரைந்துவிடும். அதன் கூட்டமும் பிழைத்துக்கிடக்கிறது.

குளிர்காற்று வீசத் தொடங்கியபோது கடையைக் காலிசெய்ய நேர்ந்தது. கடைசி நாள் மேசைகளை ஒழித்துக்கொண்டிருந்த தொங்பாய், ஒரு சர்க்கரைக் குப்பியைக் கையில் எடுத்தாள்.

"தங்கச்சி, இத நிரப்பி நிரப்பியே உன் கை ஓஞ்சிருக்குமே?"

விலாய் திடுக்கிட்டாள். "அக்கா... உங்களுக்குத் தெரியுமா?"

"காய்ச்சலோட என் நாக்கு செத்துப்போச்சு. வாசனையும் தெரியல. குத்துமதிப்பாத்தான் உப்புப் போட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"பதம் பாக்க உன்னக் கூப்பிடலாம்னு வாய் வரைக்கும் வரும். ஓடியாடி வேலை செய்யிற புள்ள, உன்னை அடுப்புச் சூட்டுலயும் நிறுத்துறதான்னு கூசிச்சு. நீயா வந்து கரண்டியக் கேப்பேன்னு காத்திருந்தேன்."

"கேட்டா உங்க மனசு நோகும்னு நான் இருந்துட்டேனே அக்கா!"

தொங்பாய் கரண்டியை நீட்டினாள். விலாய் சட்டியின் அடியில் எஞ்சியதை மொண்டு சுவைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"உப்புக்கா. ரொம்ப உப்பு."

தொங்பாய் மெல்லத் தலையசைத்தாள். இருவரும் சட்டியைச் சாய்த்து அதைச் சாக்கடையில் ஊற்றினர்.

அந்த இடத்தைப் புதிதாக எடுத்தவர், தம் பெயர்ப்பலகையைச் சுவரில் சாய்த்துவைத்து, வெயிலில் நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தார்.

"அவசரமே இல்லம்மா," என்றார் புன்னகை மாறாமல். "மெதுவா ஆகட்டும்."