எல்லாவற்றுக்கும் ஆம்

செத்துப்போன மாடல் கேமராவை மறுபடி வாங்கியதற்காக லிஃப்ட் மெக்கானிக்கை வேலையிடத்தில் ஓட்டாத ஆள் கிடையாது. அதைச் செய்த கம்பெனி கேமரா தொழிலுக்கே முழுக்குப் போட்டு ஏழு வருடம் ஆகிறது. புது லென்ஸ் வராது, பேட்டரி வராது, ரிப்பேர் பார்க்க ஆள் இல்லை. சட்டைப் பையில் இருக்கும் போன் அதைவிட நல்ல படம் எடுக்கும். இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் நான்கு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி வாங்கி வந்தான்.

அதே மாடல் ஒருகாலத்தில் அவனிடம் இருந்தது. மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. நாலரை மாதத்தில் அவளை மட்டும் அறுநூற்று நாற்பது படம் எடுத்துத் தள்ளினான். ஷட்டர் சத்தம் கேட்டதும் "இன்னொண்ணு" என்பாள். பிறகு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாப்பா வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்த வாரமே கேமராவைக் கேட்டவனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

படங்கள் மட்டும் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் கிடந்தன. அவை தவிர மகளின் முகம் என்று வீட்டில் இருந்தது கைக்குழந்தையில் எடுத்த ஸ்டூடியோ படம் ஒன்றுதான். எட்டு வருடமாக அவனும் அந்த ஃபோல்டரைத் திறக்கவில்லை, மனைவியும் திறக்கவில்லை. இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள் மாமா என்று மைத்துனன் தலைபாடாய் அடித்துக்கொண்டான். பிரதி எடுத்தால் எல்லாம் சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டும், பார்த்தால் படத்தில் பாப்பா சிரிப்பாள். அந்தத் தெம்பு இல்லாமல் நாளை, நாளை என்று நாளைக் கடத்தினான்.

கேமரா வந்ததும் ஆளே மாறிப்போனான். வேலைக்குப் போகிற வழியில் மாடிப்படி, மின்கம்பிக் காகம், கொடியில் காயும் துணி என்று மூன்று வாரம் கண்டதையெல்லாம் எடுத்தான். மனம் விட்டுச் சிரித்தான்கூட. அதைப் பார்த்துதானோ என்னவோ, மனைவியும் கொஞ்சம் இளகினாள். அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் துணி வெட்டுகிறவள். ஆறு வயது அளவு வந்தால் மட்டும் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவது எட்டு வருட வழக்கம். அந்த வாரம் தானே எடுத்து வெட்டினாள். வீட்டுக்கு வந்து, "பாப்பா படம் ஒண்ணு பெருசா போட்டு மாட்டலாங்க. ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்" என்றாள்.

ஞாயிறு காலை தலைக்குக் குளித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவன் ஃபோல்டரைத் திறந்தான்.

முதல் படம் மாடிப்படி. அடுத்தது காகம். அதற்கடுத்து கொடித் துணி. புதுப் படங்களை முதலில் காட்டுகிறான் போலும் என்று அவள் பொறுமையாக இருந்தாள். இருபது படம் ஆனது, நாற்பது ஆனது.

"பாப்பா எப்ப வருவா?" என்று கேட்டாள்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேமராவின் படங்களை அந்தக் கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேர்தான் திறக்கும். அது இந்தப் பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். எதை ஏற்றினாலும் தன் ஒரே ஃபோல்டரில்தான் கொண்டுபோய்க் கொட்டும். வாங்கி வந்த கேமராவோ புது மெமரி கார்டைக் கண்டதும் படங்களுக்கு ஒன்றிலிருந்து எண் போட்டது. வாரா வாரம் ஏற்றும்போது, இதே பெயரில் படம் இருக்கிறது, மாற்றி எழுதவா என்று சாஃப்ட்வேர் கேட்கத்தான் செய்தது. சும்மா தொணதொணக்கிறது என்று நினைத்து, ஃபோல்டரை ஏறெடுத்தும் பார்க்காமல், எல்லாவற்றுக்கும் ஆம் என்று தட்டிவிட்டிருந்தான். ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா, பாவி மனுஷன்.

"அவ படத்து மேலயே எழுதிட்டேன்" என்றான். எப்படி என்றும் சொன்னான். திரும்ப எடுக்க முடியாதா என்று கேட்டாள். அழித்ததைத் தேடி எடுக்கலாம், மேலே எழுதியதை எடுக்க முடியாது என்றான்.

அவள் அழவில்லை, அவனைத் திட்டவுமில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"இத்தனை வருஷம் நான் பாக்காம இருந்ததே அது இருக்குங்கற தைரியத்துலதான்" என்றாள்.

அவன் எழுந்து கம்ப்யூட்டரை அணைக்கப் போனான். அவள் அவன் கையை விலக்கிவிட்டுத் தானே அடுத்த படத்துக்கான பட்டனை அழுத்தினாள். தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் சக்கரம், பூனை என்று ஒவ்வொன்றாகப் போயின. அவன் எடுத்த புதுப் படங்கள் அறுநூற்றுப் பத்தோடு முடிந்தன.

அறுநூற்றுப் பதினோராவது படத்தில் பாப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். மூக்கில் குழாய், கண் பாதி மூடியிருந்தது. போர்வையைச் சரிசெய்யும் அம்மாவின் கை ஓரத்தில் தெரிந்தது. கடைசி மூன்று நாளும் வார்டு வாசலில் நின்று மனைவிக்குத் தெரியாமல் அவன் எடுத்த படங்கள் இவை. பக்கத்தில் வந்து நிற்கத் தைரியம் இல்லாமல் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். இதை இன்றுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று பார்த்தான். அவள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"இருபத்தொம்பது."

"நீங்களே தள்ளுங்க" என்றாள். "மெதுவா."