கையெழுத்துக்குப் பிறகு கேட்பவர்கள்

1

இந்தக் கதை ஒரு டம்ளர் டீயில் தொடங்கியது. "சர்க்கரையே போடலையாடி?" என்றாள் அக்கா. போட்டிருக்கிறேன், கலக்கிக் குடி என்றேன். கலக்காமலே குடித்துவிட்டு நூலகத்துக்குக் கிளம்பினாள். பேருந்து நிறுத்தத்தில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

(இந்த இடத்தில் நான் அழுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அழுதாயிற்று. அது உங்களுக்கானதல்ல.)

2

அவள் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. உலக நாடுகள் கூடிப் போடும் ஒப்பந்தங்களில் நாடாளுமன்றங்களுக்கு என்ன பங்கு என்பது ஆய்வு. [உலகமயமான இக்காலத்தில்— வேண்டாம், இது அவள் நடையுமல்ல, என் நடையுமல்ல.] மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் எனக்கு அவள் சொன்ன சுருக்கம் இதுதான்: "வெளிநாட்டுல கையெழுத்துப் போட்டுட்டு வந்துதான் சபைகிட்ட கேக்குறாங்க. கல்யாணத்த முடிச்சிட்டுப் பொண்ணுகிட்ட சம்மதமான்னு கேக்குற மாதிரி."

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அதையே நாடு நாடாகக் காட்டியது.

3

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். [அவர் கண்களில் ஒரு குரூரம்— அடித்துவிட்டேன். நல்ல மனிதர், எங்களுக்கு முன்பே அழுதவர்.] இறந்தவர்களுக்கும் பட்டம் தருவார்களாம். தேர்வாளர்கள் முகம் சுளிக்காதபடி கடைசி அத்தியாயத்தைக் கொஞ்சம் மென்மையாக்கி, 'நாடாளுமன்றங்களின் பங்கு வளர்ந்துவருகிறது' என்று முடித்து, சமர்ப்பித்தும் விட்டாராம். குடும்பத்தின் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

அம்மா பேனா தேடினாள். "அவ பேருக்கு முன்னாடி டாக்டர்னு ஒரு தடவ பாத்துட்டாப் போதும்டி."

நான் பேராசிரியரைப் பார்த்துச் சொன்னேன்: "அனுப்பிட்டு வந்து கேக்குறீங்களே, சார். இதத்தானே அக்கா ஆறு வருஷமா தப்புன்னு எழுதினா?"

4

முதல் முடிவு: பேராசிரியர் தலைகுனிந்தார். பொய். பட்டம் கைவிட்டுப் போகலாம் என்று பொறுமையாக எச்சரித்தார். போகட்டும் என்றேன். அவர் அனுப்பியதைத் திரும்பப் பெற்று, அவள் எழுதியதை எழுதியபடி அனுப்பினார்.

இரண்டாம் முடிவு: அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். அதுவும் பொய். அவர் போனதும் கேட்டாள்:

"நீ மட்டும் என்னக் கேட்டியா?"

(இந்தக் கேள்விக்கு நல்ல பதிலொன்றை இட்டுக்கட்டித் தர என்னால் முடியும். மாட்டேன். மறுபடி அதே நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன்.)

உங்களுக்குப் பிடித்த முடிவை நீங்களே எழுதிக்கொள்ளலாம். அதில் அக்கா பட்டம் வாங்கலாம், அம்மா என்னோடு பேசலாம். அக்கா எழுதிய வரியில் மட்டும் கைவைக்காதீர்கள்.

பல்கலைக்கழக இணையதளத்தில் அவள் பெயருக்கு எதிரே இன்றும் 'பரிசீலனையில்' என்றுதான் இருக்கிறது.