மாடி வகுப்பின் வாசல்

டயர் கடைக்கு மேலே இருந்த ஆங்கில வகுப்பறையைவிட்டு டீச்சரால் வெளியே போக முடியாது என்பது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை தெரியவந்தது. கதவு பூட்டியிருக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. அவர் கரும்பலகையைத் துடைத்து, கைப்பையைத் தோளில் மாட்டி, விளக்கை அணைத்துவிட்டு வாசற்படியைத் தாண்டி வலது காலை வெளியே வைத்தார். அந்தக் கால் வகுப்பறைக்குள்தான் விழுந்தது. முன்னால் அதே பெஞ்சுகள், முதுகுக்குப் பின்னால் அதே வாசல். ஏதோ நினைப்பில் திரும்பி நடந்துவிட்டோம் போல என்று மறுபடி போனார், மறுபடி வந்தார். கீழே வண்டியோடு காத்திருந்த கணவர் பொறுமையிழந்து மேலே ஏறி வந்தபோது, மனைவி வாசலில் போவதும் வருவதுமாக இருப்பதைப் பார்த்து, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்று எண்ணி அவரும் குனிந்து தரையில் தேட ஆரம்பித்தார்.

மறுநாள் தச்சர் வந்து கதவைக் கழற்றினார். அதில் பலன் இல்லாததால் நிலையையும் பெயர்த்தார். பிறகு கொத்தனார் வந்து பக்கத்துச் சுவரில் ஓர் ஆள் புகும் அளவுக்கு ஓட்டை போட்டார். டீச்சர் குனிந்து ஓட்டை வழியாகப் போய், தலைமுடியெல்லாம் சுண்ணாம்போடு வாசல் வழியாக உள்ளே வந்தார். தீயணைப்புக்காரர்கள் ஜன்னலுக்கு ஏணி வைத்தார்கள். டீச்சரைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியவர் மூன்றாவது படியில் தோள் லேசாகிவிட்டதை உணர்ந்து நிமிர்ந்து பார்த்தபோது, டீச்சர் மேலே வாசலில் நின்று உடையைச் சரிசெய்துகொண்டிருந்தார். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வக்கீல், இதற்கு எந்தச் சட்டப் பிரிவும் இடம் கொடுக்காது என்று வருத்தத்தோடு சொன்னார். ஒரு வாரம் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் கழுத்து வலிக்கவும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். நிலையையும் கதவையும் திரும்பப் பொருத்தி, சுவரில் போட்ட ஓட்டைக்கு ஒரு ஜன்னல் வைத்தார்கள். காற்றோட்டம் முன்பைவிட நன்றாக இருந்தது.

டீச்சருக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருடம். கணவர் வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டரில் கணக்கெடுப்பவர். அதிகம் பேசாதவர், பேசினாலும் பாதியில் நிறுத்திக்கொள்பவர். டீச்சர் இந்த வேலைக்கு மூன்று மாதத்துக்கென்று வந்தவர்தான். வேறு பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் முதலாளியிடம் சொல்லியிருந்தார். எந்த வெயிலிலும் டை கட்டாமல் இருக்கமாட்டார் என்பதால் மாணவர்கள் முதலாளிக்கு டை சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். "இந்த பேட்ச்சை முடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க டீச்சர், பாவம் படிக்கிற பிள்ளைங்க" என்று அவர் அன்று சொன்னார். அந்த பேட்ச் முடிந்து அடுத்தது வந்தது. அடுத்ததும் முடிந்தது. ஆசிரியைக்கு இனி எங்கும் போக வழியில்லை என்று நிச்சயமானதும் டை சார் காலை வகுப்பு, மதிய வகுப்பு, மாலை வகுப்பு என்று மூன்றாக்கினார். அலமாரிக்குப் பின்னால் ஒரு கட்டிலைப் போட்டார். குழாயும் கழிவறையும் ஏற்கெனவே இருந்தன. கணவர் தயங்கித் தயங்கி, தானும் ராத்திரி இங்கேயே தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு மட்டும், "இது இன்ஸ்டிட்யூட். குடித்தனம் பண்ற இடம் இல்ல" என்று சொல்லிவிட்டார். தினமும் கடைசி வகுப்பு முடிந்ததும் கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப்போவார். திருட்டு பயம் என்று காரணம் சொன்னார்.

மனைவியோடு ஒரே கூரையின் கீழ் ஒன்றரை மணி நேரம் உட்கார வேறு வழி தெரியாமல் கணவர் மாலை வகுப்பில் மாணவராகச் சேர்ந்தார். கடைசி பெஞ்ச். மற்றவர்களைப் போல அவரும் "டீச்சர்" என்று கூப்பிட்டபோது முதல் நாள் வகுப்பே சிரித்தது, பிறகு பழகிவிட்டது. வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு நர்ஸ், துறைமுகத்துச் சரக்குகளை ஏற்றிச் செல்லும் ஒரு லாரி டிரைவர், அழகு நிலையம் வைத்திருந்த அக்காவும் தங்கையும் என்று பலதரப்பட்டவர்கள் அங்கே படித்தார்கள். டீச்சர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். ஒரு பத்தி என்றால் முதல் வாக்கியம் விஷயத்தைச் சொல்ல வேண்டும், நடுவில் வருபவை அதைத் தாங்க வேண்டும், கடைசி வாக்கியம் அதை முடித்து வைக்க வேண்டும், விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போக வேண்டும் என்பார். வெளியே போக வேண்டும் என்று சொல்லும்போது வாசல் பக்கம் கண் போகாமல் பார்த்துக்கொள்ளப் பழகியிருந்தார்.

இன்று வரும் வழியில் பார்த்தது என்ன என்பதுதான் அவர் அடிக்கடி கொடுத்த தலைப்பு. மாணவர்கள் அதைப் பயிற்சி என்று நினைத்தார்கள். டீச்சருக்கு உலகம் வந்து சேர்ந்த வழி அது ஒன்றுதான். ஜன்னல்களிலிருந்து எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும் ஒரு துண்டு சாலையும்தான் தெரியும். மற்றதெல்லாம் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில்தான் வந்தது. மரங்கள் ஒருமையா பன்மையா என்று தெரியாமல் நின்றன. மழை நேற்று பெய்யும் என்றும் நாளை பெய்தது என்றும் எழுதினார்கள். பழைய பாலத்தைப் பற்றி லாரி டிரைவர் போட்ட ஒரு தவறான காலத்தால், அது இடிந்து விழுந்துவிட்டது என்று டீச்சர் பல நாள் நம்பிக்கொண்டிருந்தார். இடிக்கப் போகிறார்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அன்று டீச்சருக்கு வந்த கோபத்தை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. "நீங்க டென்ஸ் தப்பாப் போட்டா உங்களுக்கு ஒரு மார்க்தான் போகும். எனக்கு ஒரு பாலமே போயிடுது" என்றார். லாரி டிரைவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து மாலை வகுப்பின் இலக்கணம் சட்டென்று தேறியது.

கணவரின் பத்திகள் மட்டும் தேறவில்லை. மீட்டர், பூட்டிய வீடு, நாய் என்று மூன்றையே திருப்பித் திருப்பி எழுதுவார். ஒருமுறை, என் மனைவி ஓர் அறையில் வாழ்கிறாள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அவள் ஒருத்தியாக ஒன்றைச் செய்கிறாள் என்றால் அந்த வினைச்சொல்லுக்குப் பின்னால் ஓர் எஸ் வர வேண்டும், அது இல்லை. டீச்சர் சிவப்பு மையால் அதைச் சேர்த்தார்.

"நாம வாழறோம்னு எழுதினா எஸ் வேண்டாமில்ல டீச்சர்?" என்று கேட்டார் கணவர்.

"வேண்டாம். ஆனா நீங்க 'அவள்'னுதானே எழுதியிருக்கீங்க?"

இப்படியே சில வருடங்கள் போயின. நர்ஸ் தேர்வில் தோற்றுத் தோற்று அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கணவருடைய அக்காவுக்குத் தம்பி தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தம்பி பெண்டாட்டி கெட்டவள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அறைக்குள் இருக்கும் ஒருத்தியோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்றுதான் கேட்டார்.

ஒரு மாலை, 'ஒரு முடிவு' என்ற தலைப்பில் எல்லோரும் எழுதியதை அவரவர் எழுந்து நின்று வாசிக்க வேண்டியிருந்தது. அழகு நிலையத்து அக்கா, கடைக்குக் கண்ணாடிக் கதவு போட முடிவெடுத்ததை வாசித்தார். அடுத்து கணவர் எழுந்தார். தாளைப் பார்க்காமல் வாசித்தார். எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். அவள் எனக்காக ஒரு பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் கடைக்குப் போவாள், வருவாள். அவளுக்கு எல்லா வாசலிலும் நடக்கத் தெரியும். நான் சரி என்று சொன்னேன். ஒரு பிழைகூட இல்லாமல் அவர் எழுதிய முதல் பத்தி அது.

நர்ஸ் குனிந்து தன் பேனாவின் மூடியைத் திருகினார். டீச்சர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வகுப்பில் வழக்கமாகக் கேட்கும் குரலிலேயே கேட்டார்.

"கடைசி வரியில டென்ஸ் சந்தேகமா இருக்கு. சரின்னு சொன்னீங்களா, இல்ல சொல்லப் போறீங்களா?"

"தெரியலை டீச்சர்."

"தெரியாம எப்படி பாஸ்ட் டென்ஸ் போட்டீங்க?"

"அக்கா கேட்டப்ப நான் ஒண்ணும் பேசலை டீச்சர். அவங்க அதைச் சரின்னு எடுத்துக்கிட்டாங்க."

"பேசாம இருந்துட்டு, 'சொன்னேன்'னு எழுதக் கூடாது. 'பேசாமல் இருந்தேன்'னு எழுதணும்."

கணவர் நின்றுகொண்டே திருத்தினார். அப்போது முதல் பெஞ்சிலிருந்து லாரி டிரைவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், கற்றுக்கொண்டதைச் சொல்லும் ஆர்வத்தில், "அப்படின்னா இந்தப் பத்திக்கு முடிவு வாக்கியமே இல்லையே டீச்சர்" என்றார்.

"ஆமா. அதை நான் எழுதறேன். இன்னைக்கு இது போதும், எல்லாரும் கிளம்புங்க" என்றார் டீச்சர். எல்லோரும் கிளம்பினார்கள். எழப் போன கணவரைக் கையமர்த்தி உட்காரச் சொன்னார்.

சாவியோடு வந்த டை சாரிடம், இனி ஆறு மணிக்கு மேல் வகுப்பு கிடையாது, அதற்குப் பிறகு இது எங்கள் வீடு, இவர் இங்கேதான் இருப்பார், சாவியும் எங்களிடம்தான் இருக்கும் என்று டீச்சர் சொன்னார். டை சார் முதலில் சிரித்தார். பிறகு, இது என் இடம், என் சட்டம், பிடிக்காவிட்டால் வேலையைவிட்டு நின்றுகொள்ளுங்கள் என்றார்.

"சரி சார். நின்னுட்டேன்" என்றார் டீச்சர்.

டை சார் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"இப்ப நான் டீச்சர் இல்ல. உங்க ரூமுக்குள்ள சும்மா இருக்கற ஒரு பொம்பளை. நாளைக்குக் காலையில பிள்ளைங்க வரும்போது நான் அந்தக் கட்டில்ல படுத்துத் தூங்கிட்டிருப்பேன். என்னை வெளிய அனுப்பிட்டு வேற ஆளை வச்சுக்கோங்க."

டை சார் கதவை அகலத் திறந்து கையை நீட்டி வழி காட்டினார். டீச்சர் மரியாதையாக வெளியே போனார், மரியாதையாக உள்ளே வந்தார். அவர் திருப்திக்காக இன்னொரு தடவையும் போய் வந்தார். டை சார் மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் முறையாகப் பிறர் பார்க்கத் தன் டையைத் தளர்த்தினார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, ஆறரை வரையாவது வகுப்பு வைத்துக்கொள்ளுங்களேன் என்று கேட்டார். ஆறு என்றார் டீச்சர்.

டை சார் இறங்கிப் போனதும் டீச்சர் அழுதார். ஜெயித்தது ஓர் அறையைத்தான், அதுவும் ஏற்கெனவே அவரை விடாமல் பிடித்து வைத்திருக்கும் அறையை. கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்காகிட்ட நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன். வாயைத் திறந்தே சொல்லிடறேன்" என்றார். சொல்லவும் சொன்னார். அக்கா நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் மூச்சு வாங்க மாடியேறி வந்து இரண்டு தலையணைகளைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இறங்கிப் போனார்.

குழந்தை அந்த அறையில்தான் பிறந்தது. நர்ஸ்தான் பிரசவம் பார்த்தார். அன்று அவர் தேர்வுக்குப் போயிருக்க வேண்டிய நாள். போகாததற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பெண் குழந்தை, நல்ல எடை, நல்ல தொண்டை. அதை வெளியே எடுத்துப்போக முடியுமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் வந்து பார்த்துவிட்டு வாசலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். கணவர் குழந்தையைத் தூக்கினால் வாசலுக்கு முதுகைக் காட்டியே நடப்பார். கடைசியில் டீச்சரே ஒரு காலை குழந்தையைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

"போய்ப் பாருங்க."

"இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டுமே."

"நாளாக ஆக எனக்குக் கொடுக்க மனசு வராது. இப்பவே போங்க."

கணவர் வாசலைத் தாண்டினார். டீச்சர் வாசலைப் பார்க்கவில்லை, கரும்பலகையைப் பார்த்தபடி நின்றார். யாரும் உள்ளே வரவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கியது, திருப்பத்தில் நின்றது, மறுபடி இறங்கியது. டயர் கடையில் ஏதோ இரும்பு விழுந்த சத்தத்துக்குக் குழந்தை வீறிட்டது. அந்த அழுகை தெருவிலிருந்துதான் வருகிறது என்று நிச்சயமானதும் டீச்சர் ஜன்னலுக்கு ஓடி, "தலையை மூடுங்க, வெயில் படுது!" என்று கத்தினார். தெருவில் நாலைந்து பேர் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பின் எத்தனையோ பேட்ச்கள் வந்து போயின. நர்ஸ் கடைசியில் தேர்ச்சி பெற்று வெளிநாடு போனார். அங்கிருந்து போனில் பேசும்போது டீச்சர் அவருடைய இலக்கணத்தைத் திருத்துவதில்லை, என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்பார். டை சாருக்கு வயதாகிவிட்டது. டீச்சர் தினமும் காலையில் பல் துலக்கியதும் ஒருமுறை வாசலைத் தாண்டிப் பார்ப்பார். சிலர் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல அது ஒரு பழக்கம். உள்ளே வந்ததும் அடுப்பைப் பற்ற வைப்பார். சில நாட்களில் மட்டும், உள்ளே வந்தபிறகு, கையில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பார். அப்படிப்பட்ட நாட்களில் கணவரும் மகளும் சத்தம் போடாமல் இருப்பார்கள்.

டயர் கடையைப் புதிதாக ஒருவர் வாங்கினார். ஊருக்குப் புதியவர். பள்ளிக்கூடப் பையோடு படியிறங்கி வந்த பெண்ணை நிறுத்தி, "ஏம்மா, உங்க அம்மாவை நான் கீழ பார்த்ததே இல்லையே, வெளிய வரமாட்டாங்களா?" என்று கேட்டார்.

"வருவாங்க அங்கிள். வந்தா உள்ள வந்துடுவாங்க."

"ஓ, அப்படியா" என்றார் அவர். "அப்ப மழையில நனைய மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் காற்று அடிக்கப் போனார்.