நல்ல குடிமகன்

கப்பலூர்க் கம்பெனியில் பாட்டில் மூடிகளைப் பையில் அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தபோது சின்னச்சாமிக்குப் போன் வந்தது. மனைவி அழகம்மாள்.

"பெரிய அம்பலார் தவறிட்டாக. குடிமகன் எங்கன்னு கேட்டு ரெண்டு தடவ ஆளு வந்துட்டுப் போயிருச்சு."

கொட்டாம்பட்டிப் பக்கம் அவர்கள் ஊரில் ஊர்த்தலைவரை அம்பலார் என்பார்கள்; சவரத் தொழில் செய்கிறவனுக்குக் குடிமகன் என்று பெயர். சாவுச் சடங்கும் அவன்தான் செய்ய வேண்டும். அப்பா சாகும்வரை செய்தார். அந்தக் கத்தி வேண்டாமென்றுதான் சின்னச்சாமி கப்பலூருக்கு வந்தான்.

"வரலன்னு சொல்லிரு."

"சொல்லிட்டு எங்க குடியிருக்க? வீடு இருக்கிற எடம் ஊரு குடுத்தது. காலி பண்ணுன்னா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

இப்போது போனால் நாளைக்கு வர வேண்டாம் என்றார் சூப்பர்வைசர். சின்னச்சாமி கையிலிருந்த பையைக் கட்டி வைத்தான். பிறகு கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டுத்தாவணி போய் ஊருக்குப் பஸ் ஏறினான்.

சுடுகாட்டில் மைக் வைத்து இரங்கல் பேசினார்கள். பெரிய அம்பலாரின் பேரனுக்கு மதுரையில் பாடம் எடுத்த தனிஸ்லாஸ் வாத்தியாரும் பேசினார்.

"இந்த நாடு ஒரு நல்ல குடிமகனை இழந்துவிட்டது..."

கூட்டம் சலசலத்தது. இறந்தவரின் மகன் நல்லகாமன் ஈர வேட்டியோடு பாய்ந்து வந்தார்.

"யாரப் பாத்துய்யா குடிமகன்ங்கிற? ஊர ஆண்ட குடும்பம்யா இது!"

யாரோ மைக்கைப் பிடுங்கினார்கள். வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. ஒதுங்கி வந்தவர், வேப்பமரத்தடியில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த சின்னச்சாமியின் பக்கத்தில் நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"தம்பி, நான் அம்புட்டுத் தப்பா என்ன சொல்லிட்டேன்?"

சின்னச்சாமி நிமிரவில்லை.

"அது என்னையக் கூப்பிடுற பேரு சார். அவுகளுக்குச் சொல்லக் கூடாது."

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எங்கடா குடிமகன்? மொட்ட போட நேரமாச்சு!" என்று நல்லகாமன் சத்தம் போட்டார்.

சின்னச்சாமி எழுந்து போய் அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். தண்ணீரை அள்ளி, குனிந்திருந்த தலையில் தேய்த்தான்.

"வெட்டுப்படாமப் பாத்துக்க."

"சரிங்கய்யா."

கத்தி பிடித்து ரொம்ப நாளாகியிருந்தது. இடது கையால் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உச்சியில் கத்தியை வைத்தான்.